விஎம்முக்குள் இருந்த கணினியை மேசைக்குக் கொண்டுவந்த அனுபவம்

பழைய கணினியை விர்ச்சுவல் மெஷினாக, அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியாக (சுருக்கமாக விஎம்), மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். அதற்குக் கருவிகளும் ஏராளம். எதிர்த்திசையில் கேட்டு வருகிறவர்கள் குறைவு. விஎம்முக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்டோஸையோ லினக்ஸையோ அப்படியே எடுத்து ஒரு நிஜக் கணினியில் வைத்துத் தர வேண்டும் என்று ஒருவர் கேட்டால், பெரும்பாலும் அவருக்கு வேறு வழி இருக்காது. மதுரையில் கணினி சர்வீஸ் செய்யும் எனக்கு அப்படி வந்த வேலைகளில் இரண்டை இங்கே எழுதுகிறேன். ஒன்று ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் உள்ள, லாரிகளை எடை போடும் ஒரு எடை மேடை. இன்னொன்று திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி நூலகம்.

இந்த வேலையில் எல்லாரும் பயப்படுவது டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் கட்டத்துக்கு. உண்மையில் அதுதான் எளிது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விஎம்முக்குள் வளர்ந்த இயங்குதளத்துக்குத் தெரிந்ததெல்லாம் கற்பனையான வன்பொருள். விஎம்மை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ், டிஸ்க்கை மாட்டும் இடமாக அதற்கு ஒரு பழைய இன்டெல் ஐடிஇ கன்ட்ரோலரைக் காட்டும், அல்லது அதற்குப் பின் வந்த வகையான சாட்டா கன்ட்ரோலரைக் காட்டும். இன்டெல் ப்ரோ 1000 வகை நெட்வொர்க் கார்டு ஒன்றைக் காட்டும். நிஜக் கணினியில் கண் விழிக்கும்போது இவை எதுவும் அங்கே இருக்காது. அந்த நேரத்தில் டிஸ்க்கைப் படிக்க உதவும் சிறு மென்பொருளான டிரைவர் கையில் இல்லையென்றால் விண்டோஸ் முதல் அடியிலேயே விழுந்துவிடும். ஆகவே புது டிரைவரைப் போடுவது, பூட்டின்போது (கணினி ஆன் ஆகி இயங்குதளம் எழும் நேரம்) அது ஏறும்படி வைப்பது, வன்பொருளுக்குள் ஏறும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் போடுவது எல்லாவற்றையும் விஎம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்தபடியே செய்து முடித்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு செய்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து மடங்கு வேலை.

எடை மேடைக் கதைக்கு வருகிறேன். அவர்களிடம் இருந்தது விண்டோஸ் 7, 32 பிட். அது ஓடிக்கொண்டிருந்த மேசைக் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. அப்போது யாரோ ஒருவர் அந்த ஹார்ட் டிஸ்க்கை விஎம்மாக மாற்றி ஒரு லேப்டாப்பில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல வேலைதான், தொழில் நிற்கவில்லை. ஆனால் உரிமையாளர் சொன்னது இது: "தம்பி, காலையில ஒரு கம்ப்யூட்டர எழுப்பி, அதுக்குள்ள இன்னொண்ண எழுப்ப வேண்டியிருக்கு. நடுவுல மேல ஓடுற லேப்டாப்பு தானா ரீஸ்டார்ட் ஆகிருது. லோடு வண்டி மேடையில நிக்குது, டிரைவருக கத்துறாக."

இப்படி யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று. மென்பொருளின் இன்ஸ்டாலர் இருந்தால் புதுக் கணினியில் சுத்தமாக நிறுவி, டேட்டாவை மட்டும் கொண்டுபோவது எப்போதும் மேல். பணியாளர்களுக்கு விஎம்மைத் திறக்கத் தெரியவில்லை என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், லேப்டாப் ஆன் ஆனதும் விஎம் தானாகத் திறந்து முழுத்திரையில் நிற்கும்படி செய்துவிடலாம். இங்கே இரண்டுமே பொருந்தவில்லை. எடை மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனம் மூடப்பட்டுப் பல வருடம் ஆகிறது. சிடி இல்லை. அந்த விஎம் கோப்புக்குள் இருப்பதுதான் உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே பிரதி.

ஒரே பிரதி என்றால் முதல் வேலை அதை இரண்டாக்குவது. கோப்பை எக்ஸ்ப்ளோரரில் காப்பி பேஸ்ட் செய்தால் போதாதா என்று கேட்கலாம். பத்திரத்துக்கு ஒரு பிரதி அப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே விர்ச்சுவல்பாக்ஸில் அந்தப் பிரதியைச் சேர்க்கப் போனால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்று சொல்லி மறுத்துவிடும். அதோடு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையை அப்படியே சேமிப்பது) எடுத்து வைத்திருந்தால், முதன்மைக் கோப்பில் இருப்பது பழைய நிலைமை மட்டும்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தனிக் கோப்புகளில் கிடக்கும். அந்த முதன்மைக் கோப்பை மட்டும் மாற்றினால், புதுக் கணினியில் வருவது ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் விண்டோஸ். எனவே விஎம்மை முழுவதும் ஷட்டவுன் செய்து, மென்பொருளிலேயே உள்ள குளோன் (அச்சுப் பிரதி) வசதியைப் பயன்படுத்தி, இப்போதைய நிலையை முழுக் குளோனாக எடுக்க வேண்டும். இனி எல்லா சோதனையும் குளோனில்தான். மூலத்தைத் தொடக்கூடாது.

அடுத்து, எந்தக் கணினி வாங்குவது. உரிமையாளர் தாராளமாகப் புதுசு வாங்கித் தரத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன். விண்டோஸ் 7க்குப் புதுக் கணினி ஆகாது. யூஎஸ்பி 3க்கான டிரைவர் அதில் கிடையாது. 2015இல் வந்த இன்டெல்லின் ஆறாம் தலைமுறை போர்டுகளில் பழைய யூஎஸ்பி 2 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள்; அதனால் கீபோர்டும் மவுஸும் செத்தது போல நிற்கும், லாகின் கூடப் பண்ண முடியாது. என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டிக்கும் அதில் டிரைவர் இல்லை. 32 பிட் விண்டோஸ் 7, புதுக் கணினிகளின் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க முறையில் பூட் ஆகாது, பழைய பயாஸ் தொடக்க முறை வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பார்த்து, நான்காம் தலைமுறை இன்டெல், சாதாரண சாட்டா எஸ்எஸ்டி, பின்னால் பிஎஸ்/2 என்ற பழைய உருண்டைப் பின் கீபோர்டுக்கான துளை, போர்டில் எடையைக் கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் போர்ட்டுக்கான பின்கள் உள்ள ஒரு பழைய மேசைக் கணினியைத் தேடி வாங்கினோம். இயங்குதளம் எந்தக் காலத்தைச் சேர்ந்ததோ, வன்பொருளும் அந்தக் காலத்தையொட்டி இருந்துவிட்டால் பாதித் தலைவலி இல்லை.

அந்த பிஎஸ்/2 கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே காட்டும் கீபோர்டு வழக்கமாக பிஎஸ்/2 வகைதான். அதாவது அந்த டிரைவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. யூஎஸ்பி எதுவும் வேலை செய்யாத நேரத்திலும் உருண்டைப் பின் கீபோர்டு வேலை செய்யும். என் பையில் எப்போதும் ஒன்று கிடக்கிறது.

இப்போது ஒத்திகை. இதுதான் இந்த வேலையின் உயிர் என்று நினைக்கிறேன். அந்த விஎம்மில் டிஸ்க் ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டப்பட்டிருந்தது. நிஜக் கணினியில் இருப்பது ஏஹெச்சிஐ முறை சாட்டா, அதற்கு வேறு டிரைவர் வேண்டும். விண்டோஸ் 7 நிறுவும்போது தேவைப்படாத டிஸ்க் டிரைவர்களைத் தூங்க வைத்துவிடும். தூங்குகிற டிரைவரை வைத்து பூட் செய்ய முடியாது. நீலத்திரை வரும், 7பி என்று முடியும் எண்ணோடு. பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். இதைத் தடுக்க, குளோனைத் திறந்து, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதிக்குள் போய், அந்த டிரைவரின் பெயரான எம்எஸ்ஏஹெச்சிஐ என்பதற்குக் கீழே ஸ்டார்ட் மதிப்பைப் பார்த்தேன். 3 என்று இருந்தது. அதை 0 ஆக்கினேன். 0 என்றால் பூட்டின் தொடக்கத்திலேயே ஏற்று என்று அர்த்தம். பிறகு விஎம்மை அணைத்து, அதன் செட்டிங்ஸில் டிஸ்க்கை ஐடிஇயிலிருந்து கழற்றி சாட்டா கன்ட்ரோலரில் மாட்டி மறுபடி ஓட விட்டேன். விண்டோஸ் எழுந்து, புது வன்பொருள் கண்டுகொண்டேன் என்று சொல்லி ரீஸ்டார்ட் கேட்டது. நிஜக் கணினியில் நடக்கப்போவதில் பாதி இங்கேயே நடந்து முடிந்துவிட்டது. நீலத்திரை வந்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது, குளோன்தானே.

விண்டோஸ் 8, 10இல் இந்த டிரைவரின் பெயர் ஸ்டோர்ஏஹெச்சிஐ. அங்கே ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதைவிட, அடுத்த பூட் சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்களோடு மட்டும் எழும் முறை) நடக்கும்படி வைத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுவது எளிது. சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தால் டிரைவரைத் தானே சரி செய்துகொள்ளும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஷட்டவுன் என்று நாம் நினைப்பது பாதி உறக்கமாக இருக்கும். அந்த நிலையில் டிஸ்க்கை வேறு கணினிக்கு எடுத்துப் போவது ஆபத்து. எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. ஒரே கோர் கொண்ட விஎம்மில் நிறுவிய எக்ஸ்பி அதற்கேற்ற ஹெச்ஏஎல்லைத்தான் (வன்பொருளோடு பேசும் அடித்தள மென்பொருள்) வைத்திருக்கும், புதுக் கணினியில் அது தானாக மாறாது. விஸ்டாவிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

உள்ளே இருக்கும்போதே செய்த மற்ற வேலைகள்: புதுப் போர்டின் சிப்செட், லேன், கிராஃபிக்ஸ் டிரைவர்களை சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். தவறினால் நீலத்திரை கண் இமைப்பதற்குள் மறையாமல் நிற்க, தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை அணைத்தேன். டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்க செக்டிஸ்க் ஓட்டினேன். கடைசியாக, விஎம்முக்குள் மவுஸ், திரை வசதிக்காக விர்ச்சுவல்பாக்ஸ் தரும் கெஸ்ட் அடிஷன்ஸ் மென்பொருளை நீக்கினேன். அதைக் கடைசிக்கு வைப்பது நல்லது, ஏனென்றால் நீக்கிய பிறகு மவுஸும் திரை அளவும் இடைஞ்சல் பண்ணும்.

பிரதி எடுத்தது சுருக்கமாக: புதுக் கணினியை, நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்தேன். விஎம் கோப்பு இருந்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை மாட்டினேன். கியூஎமு என்ற விஎம் மென்பொருள் தொகுப்பில் இருக்கும் இமேஜ் மாற்றும் கருவி விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி மூன்றின் டிஸ்க் வடிவங்களையும் படிக்கும். நிஜ டிஸ்க்கில் இருப்பது போன்ற ரா வடிவத்துக்கு மாற்றி நேராக எஸ்எஸ்டியிலேயே எழுதிவிடும், நடுவில் ஒரு கோப்பு தேவையில்லை. எழுதும் முன் டிஸ்க்குகளின் அளவையும் மாடல் பெயரையும் பட்டியல் போட்டுப் பார்த்து, எது எஸ்எஸ்டி என்று வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்த பிறகுதான் என்டர் தட்டுவேன். தவறான டிஸ்க்கைக் கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. விஎம் கோப்பு 20 ஜிபிதான் இருக்கிறது என்று 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். கோப்பு சின்னதாக இருக்கலாம்; விஎம்முக்குள் அந்த டிஸ்க் 500 ஜிபி என்று காட்டிக்கொண்டிருக்கலாம். பார்க்க வேண்டியது உள்ளே தெரியும் அளவை. பெரிதாக இருந்தால் பார்ட்டிஷனை உள்ளேயே சுருக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எடை மேடை டிஸ்க் 60 ஜிபிதான், அதனால் சிக்கல் இல்லை. மிச்ச இடத்தை விண்டோஸ் எழுந்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நீட்டிவிட்டோம்.

பயாஸில் சாட்டாவை ஏஹெச்சிஐ என்று வைத்து ஆன் செய்தேன். விண்டோஸ் லோகோ வந்தது. பெரிய பெரிய எழுத்தோடு மங்கலான திரை. ஒவ்வொரு வன்பொருளாக அடையாளம் கண்டு டிரைவர் போட்டது. ஃபோல்டரில் வைத்திருந்ததைக் காட்டிக்கொடுத்தேன். ஆக்டிவேஷன் கேட்டது. அவர்களிடம் பெட்டியில் தனியாக வாங்கிய ரீடெய்ல் உரிமம் இருந்ததால் பிரச்சினை இல்லை. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் என்றால் அது அந்தப் பழைய கணினியோடு முடிந்துவிடும். இந்த வேலையை எடுக்கும் முன்பே வாடிக்கையாளரிடம் அதைப் பேசிவிடுவது மரியாதை.

எல்லாம் சரி, எடை வரவில்லை. எடை காட்டும் பெட்டியான இன்டிகேட்டரில் சிவப்பு எண்கள் ஓடுகின்றன, கணினித் திரையில் பூஜ்ஜியம். மென்பொருள் காம்1 என்ற சீரியல் போர்ட்டைத்தான் பார்க்கிறது, டிவைஸ் மேனேஜரிலும் காம்1 இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் விண்டோஸைக் குடைந்துகொண்டிருப்பது வீண். கேபிளை இன்டிகேட்டரிலிருந்து கழற்றி, கணினியின் சீரியல் போர்ட்டில் 2, 3 ஆகிய இரண்டு பின்களையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்தேன். சீரியல் போர்ட்டோடு பேசும் புட்டி மென்பொருளைத் திறந்து கீபோர்டில் தட்டினேன். போகிற எழுத்து அதே வழியாகத் திரும்பி வந்து திரையில் தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியென்றால் இன்டிகேட்டருக்கு முன்னாலேயே, கணினிக்குள்ளேயே கோளாறு. காரணம், போர்டில் உள்ள 10 பின் இணைப்பிலிருந்து பின்பக்கத் தகட்டுக்கு வரும் கேபிள். இந்தக் கேபிள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் உள்ளே வயர் வரிசை இரண்டு விதமாக வருகிறது. போர்டின் கையேட்டில் இருந்த வரிசையோடு மல்டிமீட்டர் வைத்து ஒத்துப் பார்த்தால் வேறாக இருந்தது. சரியான வரிசை கொண்ட கேபிளை மாற்றியதும் தட்டிய எழுத்து திரும்பி வந்தது.

அப்புறம் இன்டிகேட்டரை மாட்டினோம். நெல் மூட்டை ஏற்றிய ஒரு லாரி மேடைக்கு வந்தது. இன்டிகேட்டரில் எண்கள் ஆடி ஆடி நிலைக்கு வர, அதே எண் திரையிலும் நின்றது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ரசீது அடித்தது. உரிமையாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல ஒத்தக் கம்ப்யூட்டர்தான தம்பி?" என்றார். "ஒத்தக் கம்ப்யூட்டர்தாண்ணே" என்றேன்.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் கணினிக்கு நெட் கேபிள் கொடுக்கவில்லை. வசதிக்காக வைஃபை டாங்கிள் மாட்டிக்கொள்ளலாமா என்று பணியாளர் கேட்டார். வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டேன்.

நூலகத்தின் கதை வேறு விதம். அங்கே நூலகர் மேடம் தன் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, டெபியன் என்ற லினக்ஸில் கோஹா நிறுவிப் பழகியிருக்கிறார். கோஹா நூலகங்களுக்கான இலவச மென்பொருள். நியூசிலாந்தில் 1999இல் எழுதத் தொடங்கி 2000இல் புழக்கத்துக்கு வந்தது. மேடம் பழகுவதற்காக ஆரம்பித்தது, மெதுவாக உண்மையான நூலகமாகவே ஆகிவிட்டது. புத்தகங்களை ஒவ்வொன்றாக அதிலேயே பதிந்து, ஸ்பைன் லேபிள் அளவு, தமிழ்த் தலைப்புகள், அபராத விதிகள் எல்லாம் தன் கையாலேயே ஒழுங்கு செய்திருக்கிறார். கல்லூரி ஒருவழியாக ஒரு டவர் கணினி ஒதுக்கியது. "சார், நான் வச்ச மாதிரியே அங்கயும் இருக்கணும், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க முடியாது" என்றார். அந்த உழைப்பைப் பார்த்தவர்கள் யாரும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்ல மாட்டார்கள். கோஹாவில் டேட்டாவை மட்டும் எடுத்து மீட்கும் வசதி உண்டு, முதலில் அதில் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினேன். ஆனால் அவர் சிஸ்டத்திலேயே பல இடங்களில் மாற்றம் செய்திருந்ததால் முழுவதையும் நகர்த்துவது என்று முடிவெடுத்தோம்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் விண்டோஸைவிடப் பெருந்தன்மையானது. சாதாரண டெபியன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கிட்டத்தட்ட எல்லா டிஸ்க் டிரைவர்களையும் சுமந்துகொண்டே பூட் ஆகும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். விஎம்களுக்கென்று சுருக்கிய கிளவுட் கெர்னல் போட்டிருந்தால் அதில் நிஜ வன்பொருளுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் இருக்காது. விஎம்முக்குள்ளேயே சாதாரணக் கெர்னலை நிறுவிவிட வேண்டும். அடுத்தது ஃபர்ம்வேர். விஎம்முக்கு அது தேவைப்படுவதே இல்லை, அதனால் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ரியல்டெக் நெட்வொர்க் சிப் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் இல்லாமல் இணைப்பு வராது. இணைப்பு இல்லாமல் ஃபர்ம்வேர் இறக்க முடியாது. உள்ளே நெட் இருக்கும்போதே இறக்கிவிட்டால் இந்தச் சுற்றே இல்லை.

அந்த டவரில் என்விஎம்இ டிஸ்க், யூஇஎஃப்ஐ முறை மட்டும். விஎம்மோ பழைய பயாஸ் முறை. டிஸ்க்கை அப்படியே எழுதினால் பூட் ஆகாது. எனவே புது டிஸ்க்கில் யூஇஎஃப்ஐ பூட்டுக்கான ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனும் மிச்சத்தில் சிஸ்டத்துக்கான ரூட்டும் போட்டு, கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கருவி மூலம் நகர்த்தினேன். விஎம்மையும் லைவ் ஐஎஸ்ஓவில் பூட் செய்துதான் இதைச் செய்ய வேண்டும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை எடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரும். பிறகு புது டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து (குரூட்), பார்ட்டிஷன் பட்டியலான எஃப்எஸ்டேபில் புதுப் பார்ட்டிஷன்களின் அடையாள எண்களை எழுதி, லினக்ஸை எழுப்பும் கிரப்பை யூஇஎஃப்ஐக்கு ஏற்றபடி நிறுவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்தால் பூட் வேலை முடிந்தது.

எழுந்ததும் நெட்வொர்க் இல்லை. விஎம்மில் கார்டின் பெயர் இஎன்பி0எஸ்3. டவரில் வேறு பெயர். கட்டமைப்புக் கோப்பில் பெயரை மாற்றி, நூலகத்தின் உள் வலையமைப்புக்கு ஏற்ற நிலையான முகவரி கொடுத்தேன். கோஹாவின் செட்டிங்ஸில் பழைய விஎம் முகவரி இருந்த இடங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. கோஹாவின் தேடலுக்கான ஜீப்ரா இன்டெக்ஸை ஒருமுறை முழுதாகத் திரும்பக் கட்டினேன். தமிழ்த் தலைப்பு ஒன்றைத் தட்டி, தேடலில் வருகிறதா என்று மேடமே பார்த்து உறுதி செய்தார்.

யாரும் நினைக்காத இடம் கடிகாரம். கெஸ்ட் அடிஷன்ஸ் இருக்கும் விஎம் தன் நேரத்தை, தன்னை ஓட்டும் கணினியான ஹோஸ்டைப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். டவருக்கு அந்த ஆதரவு கிடையாது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரிதான் நேரத்தைக் காக்கிறது. வெகுநாள் சும்மா கிடந்த கணினி என்றால் அந்த சிஆர்2032 தீர்ந்திருக்கும், கரன்ட் போய் வந்ததும் தேதி பின்னால் ஓடிவிடும். நூலகத்தில் தேதி தப்பினால் திருப்பித் தரும் நாளும் அபராதமும் சேர்ந்து தப்பும். புது பேட்டரி போட்டு, நேரத்தைக் கல்லூரி வலையமைப்பு வழியாகச் சரி செய்துகொள்ளும்படி வைத்தேன்.

நிஜக் கணினிக்கு வந்ததில் ஒரு நஷ்டமும் உண்டு, ஸ்னாப்ஷாட் எடுக்கும் வசதி போய்விடுகிறது. அதற்கு ஈடாக இரண்டு இடத்திலும் டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கும் குளோன்சில்லா பென்டிரைவ் ஒன்றும் எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்றும் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை முழு டிஸ்க் இமேஜ். தினமும் மாலையில் டேட்டாவுக்கு மட்டும் ஒரு பிரதி. பழைய விஎம் கோப்பையும் அழிக்கச் சொல்லவில்லை. எடை மேடைக் கணினி என்றாவது நின்றுபோனால், அந்தக் கோப்பை ஒரு லேப்டாப்பில் திறந்து, யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை மாட்டி, காம்1 என்று எண் கொடுத்து, முந்தைய நாள் டேட்டாவை உள்ளே வைத்தால் லாரிகள் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான படிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.